சும்மாக் கேள்வி

"உன் பேர் என்ன?" என்று கேட்டால், அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேரைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்று கேட்பார்கள்.

"இது சேருமா, டீச்சர்?"

சேரும் என்றால் தன் பேரையே ஒரு தரம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும் பிள்ளை. சேராது என்றால் நம்பாது. செண்பகவல்லி டீச்சர் கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், பத்தாம் வகுப்புக்குள் நுழைந்து, பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "நேத்து ராத்திரி இங்க மழையா?" என்று கேட்டாள். வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பிறகு கூரையில் பதித்திருந்த செவியைப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

செவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கவிழ்த்து வைத்த கிண்ணம் அளவுக்கு ஒரு கருவி. வகுப்பில் யார் என்ன சொன்னாலும், மேசைப் பலகையில் யார் என்ன எழுதினாலும் அது வாங்கிக்கொள்ளும். வாங்கியதை அந்தந்தப் பிள்ளையின் நிழலுக்கு ஊட்டும், அதைத்தான் 'சேருவது' என்பார்கள். ஒன்றாம் வகுப்பில் பிள்ளை காலடி எடுத்து வைக்கிற அன்றைக்கே அதன் பேரில் ஒரு நிழல் பிறந்துவிடும். பிள்ளை எதைக் கற்கிறதோ அதை நிழலும் கற்கும். பத்தாம் வகுப்பு முடிவில் பிள்ளை தேர்வு எழுத வேண்டியதில்லை. நிழலே எழுதும், ஒரே மத்தியானத்தில் ஆயிரம் வினாத்தாள். அதன் சராசரிதான் பிள்ளையின் மதிப்பெண்.

நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார்கள், அதைக் குறை சொல்லக்கூடாது. தேர்வன்று காய்ச்சல் வந்தது, பயத்தில் கை நடுங்கியது, படித்தது ஒன்று வந்தது ஒன்று என்று எத்தனை பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். அந்த ஒரு நாளை ஒழித்துவிட்டால் பயமும் ஒழியும் என்று நினைத்தார்கள். நாள் ஒழிந்தது வாஸ்தவம். ஆனால் முன்பெல்லாம் வருஷத்தில் ஒரு நாள் தேர்வு, இப்போது தினமும் தேர்வு.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்தப் பழமொழியை அந்த ஊர் மறந்தே போய்விட்டது. நுணலும் தன் வாயால் கெடும், அதுதான் இப்போது தாய்மார்கள் சொல்லி அனுப்புவது. சொன்னால் மட்டும் போதாது என்று காலையில் பிள்ளை வாயில் ஒரு துண்டு கல்கண்டு போட்டு அனுப்புவார்கள். கரைகிற வரைக்கும் பேசக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்குப் பழகிவிடும், கல்கண்டு இல்லாமலே வாய் பூட்டிக்கொள்ளும்.

அந்த வகுப்பில் ஆவுடை என்று ஒரு பெண். கடைசி வரிசை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, எதையும் இமைக்காமல் பார்க்கிற கண். பாடம் நடக்கும்போது அந்தக் கண் கரும்பலகையை விட்டு நகராது. கேள்வி என்று வந்துவிட்டால் பலகையை விட்டுத் தரைக்குப் போய்விடும். மற்றப் பிள்ளைகளாவது நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்வார்கள். இவள் அதுவும் கிடையாது. மாணவர் விவரத்தைத் திறந்தால் அவள் பேருக்கு எதிரே வெறுமை. இப்படியே போனால் பத்தாம் வகுப்போடு பிள்ளையைப் பிரித்து எங்காவது தள்ளிவிடுவார்கள் என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். மேலே படிக்கக் கதவு திறக்காது.

அவள் அம்மா வேலம்மாள் கடலைமிட்டாய்ப் பட்டறையில் உருண்டை பிடிக்கிறவள். தட்டையாக வெட்டுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது, உருண்டைக்கு மட்டும் இன்னும் கை வேண்டும். செண்பகவல்லி ஒரு சாயங்காலம் பட்டறைக்கே போய்விட்டாள். வெல்லப் பாகின் வாசம் தெருமுனையிலேயே பிடித்து இழுத்தது.

"ஆவுடை பேசவே மாட்டேங்காளே, வேலம்மா?"

"வீட்டுல வந்து பாருங்க டீச்சர், ஊர்க்கதை பூராம் பேசுவா. ஒங்க செவிக்குக் கீழதான் பேசமாட்டா. நாஞ் சொல்லித்தான் வச்சிருக்கேன்." வேலம்மாள் பேசிக்கொண்டே உருட்டினாள். சூடு ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும், கை நிற்காது.

"அவ நிழல் காலியா கெடக்கு. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

"காலியா கெடந்தா கெடந்துட்டுப் போவுது. அழுக்கா கெடக்காம இருந்தாச் சரி." அவள் ஒரு கணம் நிமிர்ந்தாள். "மூத்தவன் செல்லையாவ நீங்க பாக்கல. எதக் கேட்டாலும் மொதக் கை அவன் கைதான். சரியோ தப்போ பட்டுனு சொல்லிருவான். கெட்டிக்காரப் பயன்னு வாத்தியாருமார் மெச்சுனாவ. கடைசில அவன் நிழல் பரீட்சை எழுதுச்சு பாருங்க, அஞ்சாப்புல அவன் ஒளறுனதெல்லாம் அதுல வந்து நிக்கி. எம்பிள்ள மறந்த தப்ப அது மறக்கல டீச்சர். இன்னைக்கு எட்டயபுரம் ரோட்டுல சூரியத்தகடு தொடைக்கான்."

செண்பகவல்லி அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்தாள்.

"அவன் முடிவு வந்த அன்னைக்கு இவ ஒண்ணாப்பு. பள்ளிக்கூடத்துலேருந்து தொணதொணன்னு பேசிக்கிட்டே வாரா. வாயில ஒரு கல்கண்டப் போட்டேன். கரையுத வரைக்கும் மூச்சு விடப்படாதுன்னேன். மறுநாளும் போட்டேன். அதோட சரி." வேலம்மாள் ஓர் உருண்டையை எடுத்து நீட்டினாள். "சாப்புடுங்க. நல்ல பாகு."

வாயில் போட்ட உருண்டை வீடு வந்து சேரும்வரை இனித்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இப்போது ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளை 'உடம்புப் பேச்சு' என்று உண்டு. வளர்கிற பிள்ளைகளுக்குக் கேட்க ஆயிரம் இருக்கும், அதையெல்லாம் ஒரு கருவி கேட்கக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ ஒரு வரி எழுதிவைத்திருந்தான். அந்த வேளையில் செவிக்கு மேல் ஒரு மூடி தானாக இறங்கும். நர்ஸ் அம்மா வந்து பேசிவிட்டுப் போன பிறகும் பாதி வேளை மிச்சம் இருக்கும். பிள்ளைகள் தலையைக் கவிழ்த்துத் தூங்குவார்கள்.

அந்த மிச்ச வேளையில் செண்பகவல்லி ஒரு பெட்டி சாக்பீஸோடு வந்து நின்றாள். ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"எல்லாரும் தரையில எறங்கி உக்காருங்க. நான் கேள்வி கேப்பேன், பதிலக் காலடியில எழுதணும். பாத்து முடிச்சதும் அவங்கவங்க காலாலயே அழிச்சிரணும்."

"இது சேருமா, டீச்சர்?"

"மூடியப் பாரு. சேராது. நானும் எழுதி வைக்கப் போறதில்ல. சும்மாக் கேள்வி."

"சேராதுன்னா எதுக்கு டீச்சர்?" என்றான் முன்வரிசையில் ஒருவன். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். சேராத கேள்வி ஒன்றை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"பதில் சொல்லிப் பாக்கதுக்கு. வேற எதுக்குமில்ல."

மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டாள். ஆறாம் வகுப்புக் கணக்கு. செவியின் பதிவில் இந்தப் பாடத்தில் வகுப்பே பச்சை, அதாவது எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு சாக்பீஸ் கீறிய சத்தம், பின்னால் இன்னொன்று, பின் கரகரவென்று வகுப்பு முழுவதும். செண்பகவல்லி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசைக்குள் நடந்தாள். தரையெல்லாம் ஏழில் இரண்டு. மேல் எண்ணோடு மேல் எண், கீழ் எண்ணோடு கீழ் எண் என்று கூட்டி வைத்திருந்தார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

இத்தனை வருஷம் பச்சை பச்சை என்று காட்டியது எதை? தெரிந்தவர்கள் சொன்னதைத்தானே காட்டியது. தெரியாதவர்கள் எல்லாம் கல்கண்டு சப்பிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்கள்.

கோபிக்கவில்லை. "மூணுல ஒண்ணு பெருசா, ஏழுல ரெண்டு பெருசா, பாருங்க" என்றாள். பிள்ளைகள் தரையிலேயே மிட்டாயை வெட்டுகிற மாதிரி கோடு போட்டுப் பார்த்தார்கள்.

"டீச்சர், கூட்டுனா கொறையுது" என்றான் முன்வரிசைக்காரன். சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அடுத்தவனுக்குத் தொற்றி வகுப்பு முழுவதும் பரவியது. தப்பைப் பார்த்து அந்த வகுப்பு சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அத்தனை பேரும் ஏழில் இரண்டை உட்கார்ந்தபடியே காலால் தேய்த்தார்கள்.

அதன் பிறகு வாரா வாரம் சும்மாக் கேள்வி. போன வாரம் கேட்டதையே கொஞ்சம் சட்டை மாற்றிக் கேட்பாள். மறந்ததைப் பிள்ளைகள் கண்ணை மூடித் தேடி எடுப்பதை அவள் மூச்சுவிடாமல் பார்த்திருக்கிறாள். புத்தகத்தைப் பார்த்துப் பத்துத் தரம் படித்தது நிற்கவில்லை, உள்ளே துழாவி ஒரு தரம் எடுத்தது நின்றது. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொருவன் காரணமும் வேறு. பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியவள், பிள்ளைகள் தலைக்குள் நடப்பதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அந்த வேளை முடிந்து வெளியே வரும்போது கோயிலிலிருந்து வருகிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

ஆவுடை மட்டும் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள். எழுத மாட்டாள்.

ஒரு நாள் செண்பகவல்லி கேட்டாள்: "கையை நீட்டிப் பிடிச்சா, முழு நிலாவை மறைக்க எம்புட்டுப் பெரிய சாமான் வேணும்?"

சாப்பாட்டுத் தட்டு என்றான் ஒருவன். தேங்காய் என்றாள் ஒருத்தி. பேருந்துச் சக்கரம் என்று ஒரு புத்திசாலி. செண்பகவல்லி கடைசி வரிசைக்கு வந்தபோது ஆவுடையின் காலடியில் சின்னதாக இரண்டு சொல் இருந்தது. கடலை உருண்டை.

டீச்சர் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் ஆவுடை வெடுக்கென்று காலால் மறைத்தாள். செண்பகவல்லி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா பிடிக்கிற உருண்டையா?"

தலை மட்டும் அசைந்தது.

"நாளைக்குக் காலையில பாத்துருவோம்."

பௌர்ணமி கழிந்திருந்தது. மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால், மேற்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிலா வெளிறிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தில் செவி கிடையாது. பிள்ளைகள் தட்டு, நாணயம், உருண்டை என்று என்னென்னவோ கொண்டுவந்திருந்தார்கள். தட்டு நிலாவோடு பாதி வானத்தையும் சேர்த்து மறைத்தது. நாணயமும் பெரிசு. ஆவுடை உருண்டையைப் பிடித்துப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். உருண்டையை உடைத்து அதிலிருந்து ஒற்றைக் கடலையை எடுத்தாள். கையை நீட்டினாள்.

நிலா காணாமல் போனது.

"டீச்சர்" என்றாள் ஆவுடை. அந்தக் குரலை செண்பகவல்லி அன்றைக்குத்தான் கேட்டாள். கரகரப்பான, கனத்த குரல். "கடலையே போதும் டீச்சர். கடலையே இன்னும் பெருசாத்தான் இருக்கு."

ஒருவன் கடலையைப் பிடிக்க, இன்னொருவன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்து, நிலா சரியாக மறைகிற தூரத்தைக் குறித்தான். அந்தத் தூரத்தில் கடலையை வரிசையாக வைத்தால் நூற்றுச் சொச்சம் கடலை. நாணயத்தைக் கம்பில் ஒட்டி அதே மாதிரி பார்த்தார்கள். நூற்றுச் சொச்சம் நாணயம். தட்டை மதில்மேல் நிறுத்தி மைதானத்தின் பாதி தூரம் பின்னால் போனார்கள். நூற்றுச் சொச்சம் தட்டு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆவுடை மேற்கே பார்த்தபடி நின்றாள். மெதுவாகச் சொன்னாள்: "அப்ப நிலாவும் நூத்துச் சொச்சம் நிலா தள்ளித்தான் இருக்கு. நிலாவ வரிசையா அடுக்குனா இங்கேருந்து அங்க வரைக்கும் நூத்துச் சொச்சந்தான் பிடிக்கும்."

மைதானம் முழுக்கப் பிள்ளைகள் கையில் ஒரு கடலையோடு வானத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். செண்பகவல்லிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை அவள் மறைக்கவுமில்லை.

அதற்குப் பிறகு வகுப்பின் போக்கே மாறியது. செவி திறந்திருக்கும்போதும் சில பிள்ளைகள், "சொல்லிப் பாக்கேன் டீச்சர்" என்று துணிந்தார்கள். ஆவுடை வாய் மட்டும் செவிக்குக் கீழே திறக்கவில்லை. ஆனால் மேசைப் பலகையில் எழுதத் தொடங்கினாள். எழுதியதெல்லாம் சரி.

நல்ல சேதிதானே என்கிறீர்கள். நிழல் அலுவலகத்துக்கு அப்படித் தெரியவில்லை. ஒன்பது வருஷம் ஒன்றுமே சொல்லாத பெண் திடீரென்று எல்லாவற்றையும் சரியாக எழுதுகிறாள், கூடவே வகுப்பில் தப்பு பெருகுகிறது. எங்கோ களவு நடக்கிறது என்று ஓர் ஆளை அனுப்பினார்கள். காயல்பட்டினத்துக்காரர், மீரான் என்று பேர், நிழல்களைப் பழுது பார்க்கிற பொறியாளர். கையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. பிள்ளையைப் பெற்றவர் முன்னிலையில்தான் அதன் நிழலைத் திறக்கலாம் என்பது விதி. அதனால் வேலம்மாளும் வெல்ல வாசத்தோடு வந்து ஆய்வகத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், மேசைக்கு இந்தப் பக்கம் ஆவுடை. அந்த அறையில் செவி இல்லை.

"டீச்சர், நேராவே கேட்டுருதேன். விடையச் சொல்லிக் குடுக்கீங்களா?" என்றார் மீரான்.

"கேள்வியத்தான் சொல்லிக் குடுக்கேன் சார்." மூடி இறங்குகிற வேளையில் தான் செய்வதை அவள் ஒன்று விடாமல் சொன்னாள். மீரான் நெற்றியைச் சுருக்கினார்.

"பதிவுல வராத கேள்வியால என்ன பிரயோஜனம்? நிழலுக்கு அது ஒண்ணும் சேராதே. அடுத்த மாசம் பரீட்சை எழுதப் போறது இவ இல்ல, அது. சரி, ரெண்டு பேரையும் கேட்டுப் பாத்துருவோம். அப்பத் தெரிஞ்சுரும்." ஜன்னல் வழியே வெளியே காட்டினார். "அந்தத் தண்ணித் தொட்டி ஒரு கடலைக்குப் பின்னால சரியா மறையணும்னா எம்புட்டுத் தூரம் தள்ளி நிக்கணும்? கைய நீட்டித்தான் பிடிக்கணும். தொட்டி ரெண்டு ஆள் நீட்டிப் படுத்த அகலம்னு வச்சுக்க."

ஆவுடை தொட்டியைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். அம்மாவை ஒரு தரம் பார்த்தாள்.

"சொல்லிப் பாக்கேன் சார். அந்த மதில் வரைக்கும்." கையை நீட்டி அளந்தாள். "இல்ல, தப்பு. மதில்ல நின்னாத் தொட்டி வெளிய பிதுங்கும். ரோட்டைத் தாண்டணும். பஸ் ஸ்டாப்புக்கும் அந்தப் பக்கம்."

மீரான் கணக்கிட்டுப் பார்த்தார். பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம்தான். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் கரைந்து வேறொன்று வந்தது. பெட்டியை இயக்கி அதே கேள்வியைக் கேட்டார். பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அவ்வளவுதான். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். இல்லை.

"காலி" என்றார். "நான் நெனைச்சதுதான். ஒம்பது வருசம் ஒண்ணும் போகாதது, இப்பக் கொஞ்ச நாளா எழுதுனத வச்சு என்ன வரும்?"

"உள்ள பாத்தீங்களா சார்?" என்றாள் செண்பகவல்லி.

"பதில் வரலன்னா உள்ள பாக்கதில்ல டீச்சர். சுழி மார்க்குன்னு போட்டுருவோம். அதான் வழக்கம்."

"ஒரு தரம் பாருங்களேன்."

அவள் முகத்துக்காகத்தான் திறந்தார். பெட்டியின் மேல் வெளிச்சம் விரிந்து, அதில் எழுத்துகள் ஓடின. மீரான் முதலில் சும்மா பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அறையில் இருந்த நாலு பேருக்கும் அது தெரிந்தது. வெளிச்சத்தில் ஒரு பதில் எழுந்தது. பாதி எழுந்ததும் தானாகவே அழிந்தது. இன்னொன்று எழுந்தது, அதுவும் அழிந்தது. எழுந்து எழுந்து, வெளியே பேசும் வாசல் வரைக்கும் வந்து, அழிந்து அழிந்து போனது. அதில் ஒன்று சரியான பதில்.

"யா அல்லாஹ்" என்றார் மீரான், மெல்ல. "காலி இல்ல இது."

"என்ன சார் அது?" என்றாள் வேலம்மாள்.

"ஒங்க மக பேசாம இருந்தா நிழலுக்கு ஒண்ணும் போகாதுன்னு நெனைச்சோம்மா. நாங்களும் அப்படித்தான் நெனைச்சோம். அது சும்மா இருக்கல. பேசாம இருக்கதயே படிச்சிருக்கு. ஒம்பது வருசம், தெனமும். வகுப்புல கேட்ட பாடத்துலேருந்து பதில் எல்லாம் உள்ள இருக்கு. சொல்லத்தான் மாட்டேங்குது." அவர் விதியையும் மறந்து வேறு சில நிழல்களைத் திறந்தார். அதே வகுப்புப் பிள்ளைகள், அடுத்த பள்ளிக்கூடம், அடுத்த ஊர். எங்கு திறந்தாலும் பதில்கள் எழுந்தன, வாசலில் நின்றன, அழிந்தன. "இத்தன வருசமா நாங்க அறிவ அளக்கோம்னு நெனைச்சுக்கிட்டிருந்தோம் டீச்சர். பயத்த அளந்திருக்கோம்."

மீரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் மவ ரெண்டாப்பு. வீட்டுல ஓயாமப் பேசுவா. காலையில அவ வாயில கல்கண்டு போட்டு அனுப்புனது நாந்தான்."

வேலம்மாள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாந்தான பூட்டுனேன்" என்றாள். "பிள்ளைய மட்டுமில்ல, இதையுஞ் சேத்துல்ல பூட்டிருக்கேன்." அவள் அழுதாள். ஆவுடை எழுந்து போய் அம்மாவின் தோளில் கையை வைத்தாள்.

செண்பகவல்லிக்கு ஒன்று தோன்றியது. "தம்பி," என்றாள், சார் போய்விட்டது, "இதுக்கும் ஒரு மூடி உண்டா?"

"என்ன டீச்சர்?"

"இது சொல்லுதது எதுலயும் சேராம ஒரு வேளை."

மீரான் யோசித்தார். "சோதனை வாசல்னு ஒண்ணு இருக்கு. அதுல என்ன சொன்னாலும் மதிப்பெண்ணுக்குப் போகாது. ஆனா சொல்லிப் பழகுன பழக்கம் மட்டும் அதுகிட்டயே தங்கிரும். கருவி ஓடுதான்னு பாக்கதுக்கு வச்சது. இன்னைக்கு வரைக்கும் ஒரு நிழல்கிட்டயும் அந்த வாசல்ல ஒருத்தரும் கேள்வி கேட்டதில்ல."

"தெறந்து விடுங்க."

பச்சைப் புள்ளி நீலமானது. செண்பகவல்லி பெட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, வகுப்பில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"கையை நீட்டிப் பிடிச்சா, முழு நிலாவை மறைக்க எம்புட்டுப் பெரிய சாமான் வேணும்?"

வெளிச்சத்தில் பதில்கள் எழுந்தன, அழிந்தன. வெளியே மைதானத்தில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. கேட்டது வீண்தானோ என்று செண்பகவல்லி நினைத்த நேரத்தில் பெட்டி பேசியது.

ஆவுடையின் கரகரத்த குரல் இல்லை அது. ஒரு சின்னப் பிள்ளையின் மழலைக் குரல்.

"இது சேருமா, டீச்சர்?"

மீரானின் கை பெட்டியின் மேல் அப்படியே நின்றது. "அவ செவிக்குக் கீழ கடைசியாப் பேசுனது ஒண்ணாப்புல" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. "அந்தக் குரல்தான் இதுக்கு இருக்கு."

செண்பகவல்லி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேலம்மாள் எழுந்து வந்துவிட்டாள். மிட்டாய் ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் குனிந்தாள்.

"சேராது தாயி" என்றாள். "அம்மா சொல்லுதேன்ல. சும்மா சொல்லு."

ஒரு பதில் எழுந்தது. வாசலுக்கு வந்தது. நின்றது. அழியவில்லை.

"அம்மா பிடிக்கிற கடலை உருண்டை" என்றது அந்தக் குரல்.

ஆவுடை சட்டென்று டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு சொல்லை அவள் எழுதியது மூடி இறங்கிய வேளையில், சாக்பீஸால், தன் காலடியில். டீச்சரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவளே காலால் அழித்தது. எந்தச் செவியும் கேட்டதில்லை.

அவளைப் போலவே யோசித்து நிழல் தானாகக் கண்ட பதில் அது. செண்பகவல்லி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"தப்பு" என்றாள். "இன்னொன்னு சொல்லு."